தீயை விடாத குடும்பம்

ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் ஊறிய சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில் பார்லி மால்ட்டிலிருந்து வடித்த விஸ்கி) என்று பேச்சு வந்தாலே நம் ஆட்கள் முதலில் மெக்காலனைத்தான் சொல்கிறார்கள். என் ஓட்டு கிளென்ஃபார்க்ளஸுக்கு.

ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடில், பென் ரின்னஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது இந்த வடிசாலை. 1865-இல் ஜான் கிராண்ட் என்ற விவசாயி இதை 511 பவுண்டு 19 ஷில்லிங்குக்கு வாங்கினார். இன்றுவரை அதே குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. இடையில் ஒருமுறை பாதிப் பங்கை பேட்டிசன் என்ற விஸ்கி வியாபார நிறுவனத்திடம் கொடுத்தார்கள். 1898-இல் அந்த நிறுவனம் திவாலாகி, ஸ்காட்ச் தொழிலையே ஆட்டம் காண வைத்தது. கிராண்ட் குடும்பம் தட்டுத் தடுமாறி முழு உரிமையையும் மீட்டது. அதன்பிறகு வெளியாரைக் கூட்டுச் சேர்க்கவில்லை.

குடும்பத்தின் கையில் இருப்பதால் குடிக்கிறவனுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். கொப்பரையைப் பாருங்கள். பெரும்பாலான வடிசாலைகள் நீராவிச் சூட்டுக்கு மாறிவிட்டன. செலவு குறைவு, வேலையும் சுலபம். இங்கே இன்னமும் செப்புக் கொப்பரையின் அடியில் நேராக எரிவாயுத் தீ எரிகிறது. உள்ளே செப்புச் சங்கிலி சுழன்று அடிப்பிடிக்காமல் சுரண்டிக்கொண்டே இருக்கும். 1980-களின் தொடக்கத்தில் இவர்களும் நீராவியை முயன்று பார்த்தார்கள். வடிந்து வந்த சரக்கில் பழைய கனம் இல்லை. உடனே தீக்கே திரும்பிவிட்டார்கள். காலாண்டுக் கணக்குப் பார்க்கும் பங்குதாரர்கள் இருந்திருந்தால் இவ்வளவு எளிதாகத் திரும்பியிருக்க முடியுமா? எனக்குச் சந்தேகம்தான்.

அந்தக் கனம் முக்கியம். ஓலோரோசோ என்ற அடர்ந்த வகை ஷெர்ரி இருந்த பீப்பாய் முரட்டுத்தனமானது. மெல்லிய சரக்கை அதில் போட்டால் சில வருடங்களில் உலர்திராட்சையும் மரமும் மட்டுமே மிஞ்சும், விஸ்கி காணாமல் போய்விடும். கிளென்ஃபார்க்ளஸில் 25 வருடம் கழித்தும் பார்லி வாசம் தெரிகிறது. நிறத்துக்காக கேரமல் சேர்ப்பதும் இல்லை. கண்ணாடியில் தெரிவது முழுக்க பீப்பாய் கொடுத்த நிறம்.

அப்புறம் அந்தக் கிடங்குகள். மண் தரை, தாழ்ந்த கூரை. 2007-இல் ஃபேமிலி காஸ்க்ஸ் வரிசையை வெளியிட்டபோது 1952 முதல் 1994 வரை ஒரு வருடம்கூட விடாமல், 43 வருடத்துச் சரக்கையும் தனித்தனி பீப்பாயிலிருந்து எடுத்துத் தந்தார்கள். கைமுடையான காலத்திலும் எல்லாவற்றையும் விற்றுத் தீர்க்காமல், பேரனுக்கென்று தாத்தா வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சுவையைவிட இதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன்.

முதல் முறை வாங்குகிறவர்களுக்கு என் யோசனை, 46 சதவீத ஆல்கஹாலில் வரும் 15 வருட விஸ்கி. 1968-இல் முதலில் வந்த ‘105’ என்ற இவர்களது விஸ்கி வேறு ரகம். அது 60 சதவீதம். வெறுமனே குடித்து வீரம் காட்ட வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேருங்கள், அப்போதுதான் ஷெர்ரியின் இனிப்பு மேலே வரும். ஐஸ் மட்டும் வேண்டாம், வாசனை அடங்கிவிடும்.