37 குதிரைத்திறன் எங்கே கிடைக்கிறது?
2015–17 மஸ்டாங் ஜிடி காரின் இன்ஜின் சக்தியைக் கூட்டும் ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸின் பாகத் தொகுப்புகளில் பவர் பேக் 3-தான் சிறந்தது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. கம்பெனியிலிருந்து வரும் 435 குதிரைத்திறனோடு 37 கூடுகிறது, சரி. ஆனால் அந்த பேக்கில் வருவது மஸ்டாங்கின் வேக ரகமான ஷெல்பி ஜிடி350-இன் இன்டேக் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி). அது உயர் ஆர்பிஎம்மில்தான் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் வேகம்) நன்றாக மூச்சு விடும். தினமும் ஆபீஸுக்கு 7,000 ஆர்பிஎம்மில் யார் ஓட்டுகிறார்கள்? உச்ச முறுக்குவிசையில் (டார்க், அதாவது வண்டியை இழுக்கும் பலம்) கூடுவது வெறும் 5 பவுண்டு-அடி!

பேக் 2-இல் 21 குதிரைத்திறன்தான். ஆனால் முறுக்குவிசை 24 ஏறுகிறது. சாலையில் அதுதான் உறைக்கும். மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டாம். ஏர் ஃபில்டர், 87 மி.மீ. த்ராட்டில் பாடி (உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு), ஈசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) ட்யூனிங், அவ்வளவுதான் வேலை. ரேஸ் டிராக்குக்குப் போகிறவர் என்றால் பேக் 3 வாங்கட்டும். எதைப் போட்டாலும் பிரீமியம் பெட்ரோல்தான் ஊற்றணும், கட்டுரையில் அதைச் சொல்லவே இல்லையே?