ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஏன் விரகதாபம்?

சென்ற ஆண்டு பாளையங்கோட்டையில் ஒரு மேடையில் என் பரதநாட்டிய மாணவி, பாட்டுக்கு அபிநயம் பிடிக்கும் பதம் ஒன்றை ஆடினாள். வயது ஒன்பது. தலைவன் வரவில்லையே என்று தோழியிடம் ஏங்குகிற பதம். கன்னத்தில் கை வைத்தாள், வாசலைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். சொல்லிக்கொடுத்ததில் ஒன்றும் பிசகவில்லை. நல்ல கைதட்டல். மேடைக்குப் பின்னால் சலங்கையை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், அவர் வராவிட்டால் என்ன? தோழிதான் பக்கத்திலேயே இருக்கிறாளே, இரண்டு பேரும் விளையாடலாமே?"

அந்தப் பதத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இருபது ஆண்டுகளாக நடனம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரியவர்களின் ஆட்ட உருப்படியைப் பாதியாக வெட்டி, பட்டு உடுத்தி, பிள்ளைகளின் தலையில் ஏற்றிவிடுவதையே நாங்கள் வழக்கமாக்கிவிட்டோம். பார்க்க வருகிற பிள்ளைகளையோ கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆண்டு விழாவில் முன்வரிசையைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். அக்காவின் ஆட்டத்தைப் பார்க்க வந்த தம்பி, ஆச்சி மடியில் இரண்டாவது உருப்படிக்கே உறங்கிவிடுகிறான். அவனுக்காக அங்கே எதுவும் நடக்கவில்லை.

பாலே பயிற்றுகிறவர்கள் சிறு பிள்ளைகளை நுனிக்காலில் நிறுத்துவதில்லை. கணுக்காலும் பாத எலும்பும் உறுதிப்பட வேண்டும் என்று பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். நாமோ உடலையும் பார்ப்பதில்லை, மனத்தையும் பார்ப்பதில்லை. சிமெண்டுத் தரையில் ஒரு மணி நேரம் முழங்காலை மடக்கி அரைமண்டியில் நிறுத்துகிறோம், பிறகு விரகதாபத்தையும் கேட்கிறோம்.

1892-இல் பீட்டர்ஸ்பர்க்கில் சைக்கோவ்ஸ்கியின் இசையில் 'நட்கிராக்கர்' அரங்கேறியபோது, அதில் நாடகப் பள்ளியின் பிள்ளைகள் நிறையப் பேர் ஆடினார்கள். மேடையில் இத்தனை சிறுவர்களா என்று அன்றைய விமர்சகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அதே பாலேயைத்தான் இன்று பல நாடுகளில் கிறிஸ்துமஸ் காலத்தில் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பால் பாலே பயின்று, பிறகு பரதத்துக்கு வந்தவர் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி. 1944-இல் அவர் நாட்டிய நாடகமாக்கியது நம் குற்றாலக் குறவஞ்சியைத்தான். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடியது. அதில் நாயகி வசந்தவல்லியின் ஏக்கத்தை வளர்ந்தவர்கள் ஆடட்டும். ஆனால் அவள் பந்தடிக்கிறாளே, அதைப் பத்து வயதுப் பெண்ணைத் தவிர வேறு யாரால் அவ்வளவு மகிழ்ச்சியாக ஆட முடியும்? அந்த மலையில் மந்தியோடு கொஞ்சுகிற குரங்குகளை ஆடப் பையன்கள் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். நடராசரின் ஐந்து சபைகளில் தாமிர சபை நெல்லையப்பர் கோயிலில் இருக்கிறது, சித்திர சபை குற்றாலத்தில் இருக்கிறது. ஆட்டம் நமக்குப் புதிதல்ல. பிள்ளைகளுக்கென்று ஓர் ஆட்டம்தான் நம்மிடம் இல்லை.

எனவே இந்த ஆண்டு அப்படி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். நாற்பது நிமிடம், நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளம்தான் கதை. மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து குளம் நிறைந்தால் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டோரத்து மரங்களில் கூடு கட்டும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்தவர்கள் அந்த ஊரில் உண்டு. என் கதையும் அதுதான். ஒரு குஞ்சு விழுகிறது, ஊர் அதை எடுத்து வளர்க்கிறது, கடைசியில் அது பறந்துபோகிறது.

பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய் ஒரு காலை முழுவதும் உட்கார வைத்தேன். முத்திரை எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாரை ஒரு காலால் சேற்றைக் கலக்கிக்கொண்டே, பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் வைத்து மீன் தேடுவதை அவர்களே கண்டுபிடித்தார்கள். "டீச்சர், அது தட்டடவு போடுகிறது!" என்றாள் ஒருத்தி. பாதத்தைத் தரையில் தட்டும் அடவு அது. கால் நீட்டிச் சோம்பல் முறித்த நாரை அவர்களுக்குக் காலை நீட்டி ஆடும் நாட்டடவு ஆகிவிட்டது. கூழைக்கடாக் குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை நுழைத்து இரை தின்றதை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஆடிக்காட்டினார்கள். ஆறு மாதம் கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தாலும் எனக்கு அது கிடைத்திருக்காது.

இசைக்கு மகுடம் என்கிற தோல் வாத்தியத்தை வைத்திருக்கிறேன். கொடை விழாக்களில் கணியான் கூத்துக்கு அடிக்கிற அதே மகுடம். மேல் ஒலி தரும் உச்சம் குஞ்சுக்கு, கீழ் ஒலி தரும் மந்தம் பெரிய பறவைக்கு. நாட்டிய மேடையில் மகுடமா என்று முகம் சுளித்தவர்கள் இருக்கிறார்கள். இந்த மண்ணின் பிள்ளைக்குப் பதிவு செய்த வீணையைவிட அந்த ஒலி நெருக்கமானது என்று உறுதியாகச் சொல்வேன். அடிக்க ஒப்புக்கொண்ட அண்ணாச்சி கேட்டது ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகள் தமக்கு முன்னால் உட்கார வேண்டும், அவர்கள் முகத்தைப் பார்த்து அடிக்க வேண்டும்.

கதாநாயகி என்று யாரும் இல்லை. முப்பத்திரண்டு பிள்ளைகளும் பறவை, முப்பத்திரண்டு பேரும் ஊர். ஒரு பெற்றோருக்கு இதில் வருத்தம். மகள் நடுவில் நிற்கவில்லையாம். அவரிடம் ஒத்திகைக்கு வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

வளர்ந்த நாரைக்குக் குரல் கிடையாது, அலகைத்தான் தட்டும். அதற்குக் கோலாட்டக் கழி போதுமானதாக இருந்தது. குஞ்சுகள்தான் ஓயாமல் கத்தும். அந்தச் சத்தத்துக்கு என்ன வாத்தியம் என்று வாரக்கணக்கில் யோசித்தேன். போன ஞாயிறு ஒத்திகையில், தரையில் உட்கார்ந்து பார்த்த தம்பி தங்கைகளிடம், "தாய் நாரை வரும்போது நீங்கள்தான் குஞ்சு, பசிக்கிறது என்று கூப்பிடுங்கள்" என்றேன். கழிகள் தட்டின. பதினைந்து வாண்டுகள் ஒன்றாகக் கத்தத் தொடங்கினார்கள். தாய் நாரையாக வந்தவள், சென்ற ஆண்டு பதம் ஆடிய அதே பெண், சொல்லிக்கொடுக்காமலே மேடையிலிருந்து இறங்கி, ஒவ்வொரு குஞ்சின் வாயருகிலும் குனிந்து குனிந்து ஊட்டிக்கொண்டு போனாள்.