இரவு உணவு மேசையில் கற்கும் மொழி
வெளிநாட்டில் படிக்கும் கல்லூரி மாணவர்கள் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்குவதைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன்; அதை வாடகைச் சிக்கனமாக மட்டுமே அக்கட்டுரை பார்ப்பது எனக்குக் குறையாகப் படுகிறது. 1923-இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரேமண்ட் கிர்க்பிரைடு பிரான்சுக்கு அழைத்துச் சென்ற எட்டு மாணவர்கள், முதலில் நான்சி நகரில் மொழிப் பயிற்சி பெற்று, பின்னர் பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பாடம் கேட்டபோது, பிரெஞ்சுக் குடும்பங்களிலேயே தங்கினர். முதல் உலகப் போர் முடிந்து ஐந்தாண்டுகூட ஆகாத காலம் அது. இலக்கணத்தை வகுப்பறை திருத்திவிடும். ஆனால் பிரெஞ்சில் 'நீ' என்னும் 'த்யூ'வை விட்டு 'நீங்கள்' என்னும் 'வூ'வை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை (தமிழருக்கு இது புதிதல்ல) இரவு உணவு மேசையில் வீட்டுப் பெரியவரின் புருவமே உணர்த்தும். ஒத்துப்போகாத வீடு வாய்த்தால் மாணவர் யாரிடம் முறையிடுவது என்பதையும் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம்.