மேற்கோள் எண்ணிக்கை பற்றி ஒரு சின்னத் திருத்தம்

அல்சைமர் எனும் மறதிநோயில் ஞாபகத்தைக் கெடுப்பது ‘அபீட்டா ஸ்டார் 56’ என்ற புரதமே என்பது நிரூபணமாகிவிட்டது, அதைச் சொன்ன ஆய்வுக் கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் இரண்டாயிரம் தடவைக்கு மேல் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். எண்ணிக்கை சரிதான். ஆனால் சில்வன் லெஸ்னே முதல் ஆசிரியராக 2006ல் ‘நேச்சர்’ என்ற அறிவியல் இதழில் எழுதிய அந்தக் கட்டுரை 2024 ஜூனில் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. புரதப் பட்டைகளைக் காட்டும் படங்களில் வெட்டி ஒட்டியதும், ஒரே படத்தை மறுபடி போட்டதும், கணினியின் அழிப்பான் கருவியால் துடைத்ததும் தெரியவந்ததுதான் காரணம். மூத்த ஆசிரியரான கேரன் ஆஷ் உட்பட மற்றவர்கள் இதற்குச் சம்மதித்தார்கள், லெஸ்னே சம்மதிக்கவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றாலும் மேற்கோள் கணக்கு குறையாது. பழைய மேற்கோள்கள் அப்படியே நிற்கும். ‘இது தவறு’ என்று சுட்டிக்காட்டி எழுதுகிறவரின் மேற்கோளும் அதே கணக்கில்தான் சேரும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் அந்த எண்ணை மட்டும் பார்த்தால் இது எதுவும் தெரியாது.

நீங்களே பார்த்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் பப்மெட் தளத்தில் லெஸ்னே பெயரையும் 2006 என்ற ஆண்டையும் போட்டுத் தேடுங்கள். கட்டுரைப் பக்கத்திலேயே திரும்பப் பெற்ற அறிவிப்பு இருக்கும். நேச்சர் தளத்தில் அதற்கான காரணத்தையும் விரிவாக வாசிக்கலாம். வீட்டில் மறதிநோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் பலர் இங்கே படிக்கிறார்கள். அதனால் தயவுசெய்து அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள் நண்பரே.