தண்டனை போதவில்லை என்பவர்களுக்கு, தருமபுரியிலிருந்து

கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருப்பவனிடம் ஜனங்கள் வக்கீலிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளையெல்லாம் கேட்பார்கள். "பெயில்ல வந்துட்டான், அப்போ கேஸ் அவ்ளோதானாண்ணா?" "ஆயுள்னா பதினாலு வருஷம்தானே?" "இத்தனை பேர் கண்ணால பாத்திருக்காங்க, அப்புறம் எதுக்கு விசாரணை?" "கொலைகாரனுக்கு எதுக்குக் கவர்மெண்டு காசுல வக்கீல்?" எங்கேயாவது ஒரு கொடூரம் நடந்து செய்தி வந்துவிட்டால், இதே கேள்விகள் முகநூலில் ஆச்சரியக்குறிகளோடு வரும். கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் போய் நிற்கும்: தண்டனை பத்தலை, நிற்க வைத்துச் சுடணும்.

நான் வக்கீல் இல்லை. ஆனால் வழக்குக் காகிதங்களோடு காலம் தள்ளுகிறவன். என் கருத்து இதுதான்: நம் ஊரில் வழக்குகள் சாவது தண்டனை குறைவாக இருப்பதால் இல்லை. முதல் காகிதமான எஃப்.ஐ.ஆர். சரியாக எழுதப்படாததாலும், சாட்சி சொன்னவனை நாம் அம்போவென்று விட்டுவிடுவதாலும்தான்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பெயில் என்பது விடுதலை இல்லை, வழக்கு முடியும்வரை வெளியே இருந்துகொண்டு வாய்தாவுக்கு வர அனுமதி, அவ்வளவுதான். போலீஸ் 60 நாளில், பெரிய குற்றமென்றால் 90 நாளில் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால் ஜாமீன் கேட்பது அவன் உரிமை. அப்படி ஒருவன் வெளியே வந்தால் நீதிபதியைத் திட்டாதீர்கள், குற்றப்பத்திரிகை ஏன் தாமதமானது என்று கேளுங்கள். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பேர் இன்னும் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். "எல்லாரையும் பெயில்ல விட்டுடறாங்க" என்று சொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

ஆயுள் தண்டனை என்றால் சட்டப்படி ஆயுள் முடியும்வரை. அந்தப் பதினாலு எங்கிருந்து வந்தது என்றால், மரண தண்டனைக்கு இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவரை அரசு தண்டனைக் குறைப்பில் விடுவிக்க வேண்டுமானால் அவர் குறைந்தது 14 ஆண்டு உள்ளே இருந்திருக்க வேண்டும். பழைய நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவு, 2024 ஜூலை 1-லிருந்து புது நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ல் 475. இதற்கெல்லாம் மேலே, அரசியல் சட்டம் 161-ஆவது பிரிவில் ஆளுநருக்குத் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் தனியாக இருக்கிறது.

அந்த அதிகாரம் எப்படிப் பயன்படும் என்று தருமபுரிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் ப்ளசண்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று செய்தி வந்ததும் மறியல், கல்வீச்சு. இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே கருகிப்போனார்கள். 2007-ல் சேலம் நீதிமன்றம் மூன்று பேருக்குத் தூக்கு விதித்தது. 2010-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2016-ல் மறுசீராய்வில் அதே உச்ச நீதிமன்றம், கும்பல் வெறியில் நடந்தது என்று ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டிய விடுதலைப் பட்டியலில் மூன்று பேரும் வெளியே வந்துவிட்டார்கள்.

தூக்கு ஆயுளானதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஒரு தலைவரின் பிறந்தநாள் நூற்றாண்டுக்கும் மூன்று பெண்களின் சாவுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை. சரி, அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த வழக்கு முதலில் கிருஷ்ணகிரியில்தான் நடந்தது. அங்கே சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிறழ்ந்தார்கள், அதாவது முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொன்னார்கள். பட்டப்பகலில், நடு ரோட்டில், அத்தனை பேர் பார்க்க நடந்த சம்பவத்துக்குச் சாட்சி இல்லை! இறந்துபோன மாணவி ஒருவரின் தகப்பனார் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியதால்தான் வழக்கு சேலத்துக்கு மாறி மறுபடி முதலிலிருந்து நடந்தது. அவர் சோர்ந்து வீட்டில் உட்கார்ந்திருந்தால் தூக்கா ஆயுளா என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

சாட்சி ஏன் பிறழ்கிறான்? காசு வாங்கிவிட்டான் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சில பேர் வாங்குகிறார்கள்தான். ஆனால் நான் பார்க்கிற சாட்சி பெரும்பாலும் இப்படி: பென்னாகரம் பக்கத்து ஆள், பெங்களூரில் கட்டட வேலை. சம்மன் ஊரில் இருக்கும் அம்மாவிடம் வரும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ராத்திரி பஸ் ஏறி வருவான். மதியம் வரை மரத்தடியில் நிற்பான். எதிரிகளும், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களும், அதே மரத்தடியில் அவனைப் பார்த்தபடி நிற்பார்கள். அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, வாய்தா என்பார்கள். இப்படி நாலு தடவை அலைந்தவன் ஐந்தாவது தடவை கூண்டில் ஏறி "சரியா ஞாபகம் இல்லைங்க" என்றால் எனக்குக் கோபம் வருவதில்லை. புதுச் சட்டம், தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலும் இரண்டு வாய்தாவுக்கு மேல் தரக்கூடாது என்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது.

சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. மிரட்டல் இருந்தால் சாட்சி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு கொடுக்கலாம். வீட்டுக்குப் போலீஸ் ரோந்து, கோர்ட்டில் எதிரியின் முகம் பார்க்காமல் சாட்சி சொல்லும் ஏற்பாடு வரை கேட்கலாம். சொந்த மிரட்டலைச் சொல்லி என் கடைக்கு வந்தவர்களில் ஒருவருக்காவது இது முன்பே தெரிந்திருந்ததாக நினைவில்லை.

அடுத்தது அந்த என்கவுன்ட்டர் ஆசை. வேறு மாவட்டத்துக்காரர்கள் எழுதினால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். நம் ஆட்களே எழுதும்போதுதான் வாச்சாத்தியை மறந்துவிட்டீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

1992 ஜூன் 20. அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் மலையாளி என்ற (கேரளத்தவர் இல்லை) பழங்குடிகளின் ஊர். சந்தனக்கட்டை கடத்துகிறார்கள், பதுக்குகிறார்கள் என்று சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து போனார்கள். வீடுகளை உடைத்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், ஆடு மாடுகளைக்கூட விட்டுவைக்கவில்லை. 18 பெண்களைப் பாலியல் வல்லுறவு செய்தார்கள். பிள்ளைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து, சேலம் சிறையில் அடைத்தார்கள். அன்றைக்கு அரசு ஏட்டில் குற்றவாளிகள் யார்? அந்த ஊர் ஜனங்கள். சீருடைக்காரர்கள் "தண்டிக்க" வந்தவர்கள். இன்றைய முகநூல் அன்றைக்கு இருந்திருந்தால் கடத்தல்காரர்களுக்குச் சரியான பாடம் என்று ஆயிரம் லைக் விழுந்திருக்கும்.

அரசுத் தரப்பு முதலில் எல்லாவற்றையும் மறுத்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் வழக்கு நடத்தி, உயர் நீதிமன்ற உத்தரவில் 1995-ல் சி.பி.ஐ. வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மொத்தம் 269 பேர்: வனத்துறை 155, போலீஸ் 108, வருவாய்த்துறை 6. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அதில் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் அதை உறுதி செய்தார். தீர்ப்புக்கு முன்னால் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்க வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்கலாம் என்றார். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

31 வருஷம். இந்தத் தாமதத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன், அது தனி அநியாயம். ஆனால் அந்த வழக்கைச் சாகாமல் காப்பாற்றியது எது என்று பாருங்கள். கடுமையான சட்டமா? வல்லுறவுக்கு 12 பேருக்குப் பத்து வருஷமும் 5 பேருக்கு ஏழு வருஷமும்தான் கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், அதே வனத்துறையின் காட்டோரத்தில் குடியிருந்துகொண்டே, அத்தனை அதிகாரிகளுக்கு எதிராக, சொன்ன சொல்லை மாற்றாமல் நின்றார்கள். பின்னால் ஒரு சங்கம் இருந்தது. கிருஷ்ணகிரி சாட்சிகளுக்கு அப்படி யாரும் இல்லை.

"கொலைகாரனுக்கு எதுக்கு வக்கீல்" என்பவர்களுக்கு, 2017-ல் போரூர் பக்கம் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கை நினைவுபடுத்துகிறேன். எதிரியின் பெயரைக் கேட்டாலே தமிழ்நாடே கொதித்தது. ஒரே வருஷத்தில் தூக்கு, உயர் நீதிமன்றத்திலும் உறுதி, நாமெல்லாம் கைதட்டினோம். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது. புலனாய்வில் ஓட்டைகள், எதிர்வாதம் செய்யப் போதிய வாய்ப்பும் தரவில்லை என்றது. அவர் செய்தாரா இல்லையா என்று நான் சொல்ல வரவில்லை. அவசரமாக மண் பூசிய சுவர் முதல் மழைக்கே கரைந்தது. எதிரிக்கு ஒழுங்காக ஒரு வக்கீலைக் கொடுத்து ஒழுங்காக விசாரிப்பது, செத்த பிள்ளையின் பெற்றோருக்காகவும்தான்.

தூக்கு வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. கமெண்டில் அதை ஆரம்பிக்கிறவர்கள் நன்றாகச் சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு முக்கியம் ஸ்டேஷன் மேசை. புகார் கொண்டுபோனால் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துக்கொண்டு "கேஸ் போட்டாச்சு" என்று ஊரில் சொல்லிக்கொண்டிருப்பார்கள் நம் ஆட்கள். கேஸ் போடவில்லை. மனு வந்தது என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவே. எஃப்.ஐ.ஆர். வேறு. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. இப்போது மூன்று முதல் ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்தப் பதினாலு நாளில் எத்தனை பேரை ராஜிக்குக் கூட்டிப்போய் உட்கார வைப்பார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சம்பவம் காரிமங்கலத்தில் நடந்து நீங்கள் ஓசூரில் இருந்தால் ஓசூரிலேயே புகார் கொடுக்கலாம், "எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பெண்களுக்கும், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். 15100-க்கு அழைத்தால் போதும். எதிரி விடுதலையாகிவிட்டால் அரசு மேல்முறையீடு செய்யட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், பாதிக்கப்பட்டவரே செய்யலாம்.

அப்புறம், தபாலில் அனுப்பினால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் கடையில்தான் எடுக்க வேண்டும் என்றில்லை.