சாஃபோவுக்குப் புது மெட்டு போட யார் உரிமை கொடுத்தார்களாம்?

ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியில் நடந்ததைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்றிருந்தேன். நாலு பேர் என் பெயரை இழுத்த பிறகு எப்படி இருப்பது?

பழைய கிரேக்கப் பெண் கவிஞர் சாஃபோ முதலானவர்களின் வரிகளுக்கு இத்தாலிய இசையமைப்பாளர் தல்லாப்பிக்கோலா மெட்டு போட்ட 'கிரேக்கப் பாடல்கள்' முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "சாஃபோவை இப்படிக் கொலை செய்ய இந்த ஆளுக்கு யார் உரிமை கொடுத்தது?" என்று கேட்டார். அதற்குக் கைதட்டல் வேறு.

ஐயா, சாஃபோ எழுதியது பாட்டு. லைர் என்ற நரம்புக் கருவியை மீட்டிப் பாடியது. அந்த மெட்டு தொலைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. சொற்களும் முழுசாக இல்லை. பின்னால் வந்தவர்கள் மேற்கோள் காட்டிய வரிகளும், எகிப்தின் குப்பைமேடுகளில் தோண்டி எடுத்த பாப்பிரஸ் தாள் கிழிசல்களும்தான் மிச்சம். மெட்டில்லாத பாட்டுக்கு ஒருவர் மெட்டு போட்டால் அது கொலையா?

"அசல் கிரேக்க இசையில் பாடலாமே" என்கிறார்கள். எந்த அசல்? முழுசாகக் கிடைத்த பழைய கிரேக்கப் பாட்டு என்று எல்லோரும் காட்டுவது செய்கிலோஸ் என்பவர் மெட்டுக் குறிப்போடு பொறித்த கல்வெட்டை. அது கி.பி. முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டு. சாஃபோ கி.மு. 600ஐ ஒட்டியவர். நடுவே அறுநூறு வருஷத்துக்கு மேல்! அதைச் சாஃபோவின் தலையில் கட்டினால் மட்டும் அசலாகிவிடுமா?

பாடியது கிரேக்கத்தில் இல்லை, கவிஞர் குவாசிமோடோவின் இத்தாலிய மொழிபெயர்ப்பில் என்பது இன்னொரு குறை. இருக்கட்டும். அரங்கில் எத்தனை பேருக்குக் கிரேக்கம் தெரியும்?

நான் சர்ச் கொயரில் டெனர் பாடுகிறவன். இதே தொகுப்பில் இன்னொரு கிரேக்கக் கவிஞர் அல்கேயஸின் பாடல்களில் ஒன்றை வீட்டில் முயன்று பார்த்தோம். பெரும்பாலும் கேனன். நான் பாடும் வரியை நண்பனின் கீபோர்டு கொஞ்சம் தள்ளித் துரத்திக்கொண்டே வரும். பாதியில் இருவரும் தொலைந்துபோனோம். அம்மா எட்டிப் பார்த்து, "யாருக்குடா உடம்பு சரியில்லை?" என்றார். அம்மாவுக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் உரிமை இருக்கிறதா என்று கேட்கவில்லை.

பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையாக அடுக்கி எழுதும் இந்தப் பன்னிரு சுர முறையில் காதல் எங்கே வரும் என்று கேட்பவர்களே, தல்லாப்பிக்கோலா இவற்றை எழுதியது 1942 முதல் 1945 வரை. மனைவி லௌரா யூதர். முசோலினியின் இனச் சட்டம் 1938லேயே வந்தாயிற்று. போர் நடுவில் ஒளிந்து வாழவும் நேர்ந்தது. அப்படிப்பட்ட மனிதர், பழைய காலத்துப் பெண் ஒருத்தி நிலவைப் பார்த்துப் பாடியதை எடுத்து, ஒரு குரலுக்கும் சில கருவிகளுக்கும் அவ்வளவு மெதுவாக எழுதியிருக்கிறார். இதில் கொலை எங்கே கேட்டது உங்களுக்கு? காதைக் கொண்டுவந்தீர்களா, இல்லை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தீர்களா?

இதே அரங்கில் போன வருஷம் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸியின் பிலிட்டிஸ் பாடல்களுக்கு இதே பெரியவர் கண்ணை மூடித் தலையாட்டினார். பிலிட்டிஸ் என்று ஒரு கிரேக்கக் கவிஞரே கிடையாது. 1894இல் பியேர் லூயீஸ் என்ற பிரெஞ்சுக்காரர் தானே எழுதிவிட்டு, கிரேக்கத்திலிருந்து பெயர்த்தது என்று வெளியிட்டார். (எனக்கும் அந்தப் பாடல்கள் பிடிக்கும். அது வேறு.) அன்றைக்கு உரிமை, அசல் எதுவும் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது.

அப்புறம், வெளியே வரும்போது என்னைக் காட்டி, "சர்ச்சில் பாடுற பையன், அவனுக்கு கிரேக்கம் என்ன தெரியும்" என்றாராம். நாற்பது தாண்டிய பையன் ஐயா நான். உங்களுக்கு எவ்வளவு தெரியுமோ, எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.