இனிஷ் மோரில் எல்லாரும் கடலைத்தான் பார்த்தார்கள்

போன சனிக்கிழமை அலுவலகத்தில் 18 பேர் சேர்ந்து இனிஷ் மோர் போய்வந்தோம். அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கிற ஆரன் தீவுகள் மூன்றில் பெரியது. கால்வேயிலிருந்து பஸ்ஸில் ரோஸவீல், அங்கிருந்து 40 நிமிடம் படகு. காலையில் யார் யார் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தார்கள் என்பது அந்த 40 நிமிடத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோனது.

கில்ரோனன் துறையில் இறங்கியதும் சைக்கிளா, வேனா, குதிரை வண்டியா என்று அரை மணி நேரம் பஞ்சாயத்து. சாயங்காலம் 5 மணிக்குக் கடைசிப் படகு என்பதால் வேன் ஜெயித்தது. நேராக டூன் எங்கஸ் கோட்டை. சாந்தே இல்லாமல் கல்லை அடுக்கி எழுப்பிய மதில்கள், 3,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆள் நடமாட்டம் இருந்த இடம். கடல் பக்கம் மட்டும் மதில் கிடையாது. கிட்டத்தட்ட 100 மீட்டர் செங்குத்துப் பள்ளம், கைப்பிடிக் கம்பிகூட இல்லை. குப்புறப் படுத்துத் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது. 18 பேரும் போட்டோ எடுத்து முடிக்க ஒரு மணி நேரம்.

ஆனால் என்னைக் கேட்டால், அந்தத் தீவின் அதிசயம் கோட்டை இல்லை, வயல்தான். தீவு முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மண்ணே இல்லாத இடத்தில் கடற்கரை மணலையும் கடற்பாசியையும் கூடை கூடையாகச் சுமந்து வந்து பாறைமேல் கொட்டி, பரப்பி, மட்க வைத்து, அதில் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார்கள். அதாவது நிலத்தையே கையால் செய்திருக்கிறார்கள்! பொறுக்கி எடுத்த கல்லெல்லாம் சுவராகிவிட்டது. ஒரு அறை அகலம் இருக்கிற வயலுக்குக்கூட நாலு பக்கமும் சுவர். காற்று புகுந்து போக இடுக்கு விட்டு அடுக்கியிருப்பதால் அட்லாண்டிக் புயலிலும் நிற்கிறது. இதையெல்லாம் வேன் ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெறும் கல்.

திரும்பும்போது நானும் இன்னொருவரும் வேனில் ஏறவில்லை. ஏழு கிலோமீட்டர், நடந்தே வந்தோம். வழியில் ஒரு பெரியவர் மாட்டை வயலுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். வாசல் கிடையாது. சுவரில் கொஞ்சம் கல்லை இறக்கினார், மாடு போனது, மறுபடி அடுக்கிவிட்டார். எங்களிடம் இங்கிலீஷ், நாயிடம் ஐரிஷ். அங்கே இன்னும் ஐரிஷ்தான் வீட்டு மொழி.

மற்றவர்கள் கில்ரோனனில் கம்பளி ஸ்வெட்டர் கடையில் இருந்தார்கள். குடும்பத்துக்கு ஒரு பின்னல், கடலில் மூழ்கியவரை அதை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள் என்ற கதையை நம்பி இரண்டு பேர் வாங்கியும் விட்டார்கள். அது பிற்காலத்தில் கட்டிய கதை. ஆனாலும் ஸ்வெட்டர் நல்ல ஸ்வெட்டர்தான், சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மே மாதம் மறுபடி போகலாம் என்றிருக்கிறேன். சைக்கிள், ஒரு ராத்திரி தங்கல். நாலு பேருக்கு மேல் சேர்ப்பதாக இல்லை.